இறைநாமச் சால்வை: புதிதாக அணிய விரும்புவோருக்கு ஒரு வழிகாட்டி

காசிக்குப் போய்வந்த உறவினர் கங்கைச் செம்போடு சேர்த்துக் கொடுத்ததாகவோ, பஜனைக் குழுவில் சேர்ந்தபோது கிடைத்ததாகவோ, மஞ்சள் அல்லது காவி நிறச் சால்வை ஒன்று கொங்கு நாட்டு வீடுகள் பலவற்றில் பூசை அலமாரிக்குள் மடித்தபடி கிடக்கிறது. அதன் மேல் ராமநாமமோ ‘ஓம் நமசிவாய’ என்பதோ ‘ஹரே கிருஷ்ண’ என்பதோ வரிவரியாக அச்சிடப்பட்டிருக்கும். ஓரங்களில் ஓங்காரம், சுவஸ்திகம், திரிசூலம், சங்கு, சக்கரம், திருப்பாதம் போன்ற சின்னங்கள் இருக்கும். அதை எப்போது போர்த்துவது, எங்கே கழற்றுவது, எப்படித் துவைப்பது என்று சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லாததால் பலர் அதை எடுப்பதே இல்லை. எடுத்தவர்களில் சிலர் சாதாரணத் துண்டைப் போலப் புழங்கிவிட்டு, கோவிலில் பெரியவர்களிடம் பேச்சு வாங்குகிறார்கள். அந்த இரு சாராருக்குமாக, வாங்குவது, அணிவது, குழுவுக்கு அச்சடிப்பது, துவைப்பது, பழையதான பின் அகற்றுவது என்ற வரிசையில் செய்ய வேண்டியவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் தோள்துண்டு எல்லா வேலைக்கும் ஆகும் பொருள். வியர்வையைத் துடைப்பது, திண்ணையைத் தட்டிவிட்டு உட்காருவது, தலைச்சுமைக்குச் சும்மாடு கூட்டுவது, பேருந்துச் சன்னல் வழியாகப் போட்டு இடம் பிடிப்பது என்று அனைத்துக்கும் அதுவே பயன்படுகிறது. இறைநாமச் சால்வையும் அதே தோளில், ஏறத்தாழ அதே அளவில் கிடப்பதால், நாம் நினைக்காமலேயே கை அதைத் துண்டாகவே எடுத்துப் புழங்கிவிடும். ஆகவே புதியவர் நீண்ட விதிப்பட்டியல் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ‘இந்த எழுத்து இப்போது எதன் மேல் படுகிறது?’ என்ற ஒரே கேள்வியைத் தமக்குள் கேட்டுக்கொண்டால், கீழே வரும் பெரும்பாலான விடைகள் தாமாகவே கிடைத்துவிடும்.

எங்கிருந்து வந்த வழக்கம்

தமிழ்நாட்டுக் கோவில்களில் சிவாசாரியார்களும் பட்டாசாரியார்களும் அணியும் மேலாடை பெரும்பாலும் எழுத்தில்லாத கரைத்துணியே ஆகும். நாமம் அச்சிட்ட சால்வை வடக்கிலிருந்து வந்த வழக்கம். வங்காளத்தில் பூசை செய்யும் புரோகிதர்கள் தோளில் போடும் அச்சுத்துணிக்கு நாமாவளி என்று பெயர். காசி, அயோத்தி, பிருந்தாவனம், ஹரித்துவாரம் ஆகிய ஊர்களின் கடைவீதிகளில் ராமநாமி என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அசாமில் 16ஆம் நூற்றாண்டில் சங்கரதேவரின் வைணவ இயக்கத்தை ஒட்டி உருவான பிருந்தாவனி வஸ்திரத்தில், கண்ணனின் வாழ்க்கைக் காட்சிகளை அச்சிடாமல் தறியிலேயே நெய்தார்கள். சத்தீஸ்கரில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரசுராம் என்பவரிடமிருந்து தொடங்கிய ராமநாமி சமாஜத்தினரின் கதை இவை எல்லாவற்றிலும் வேறுபட்டது. கோவிலுக்குள் விடப்படாத ஒடுக்கப்பட்ட மக்களான அவர்கள், ராமநாமத்தை உடம்பிலேயே பச்சை குத்திக்கொண்டார்கள். வெள்ளைப் பருத்திப் போர்வையில் கறுப்பு எழுத்தில் அதே நாமத்தை நிரப்பி அணிந்தார்கள். நான்கு வழக்கங்களும் நான்கு காரணங்களால் எழுந்தவை என்பதால், ‘சால்வையை இப்படித்தான் அணிய வேண்டும்’ என்று ஒருவர் அறுதியிட்டுச் சொன்னால், அவர் எந்த மரபைப் பற்றிச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

வாங்கும்போது

முதலில் எந்த நாமம் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். நிறத்தை அதன் பிறகு பார்க்கலாம். தினமும் வீட்டில் ஓதுவது எதுவோ அதையே தேர்ந்தெடுப்பது பொருத்தம். சைவ வீட்டுக்கு ஐந்தெழுத்தும், முருகனைக் கும்பிடும் வீட்டுக்குச் ‘சரவணபவ’ என்ற ஆறெழுத்தும், வைணவ வீட்டுக்கு ராமநாமமோ எட்டெழுத்தோ இயல்பாகப் பொருந்தும். திருமண் அச்சிட்ட துணியானால், அது வடகலையா தென்கலையா என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். கடைக்காரருக்கு இரண்டும் ஒன்றுதான். உங்கள் மாமனாருக்கு அப்படி இருக்காது. ஸ்ரீசக்கரம் போன்ற யந்திரங்களை உடுத்தும் துணியில் தவிர்க்கலாம் என்பது என் கருத்து. பீடத்தில் வைத்து முறைப்படி பூசிக்க வேண்டிய ஒன்று, தோளில் கசங்கி மடிவது பொருத்தமாகத் தோன்றவில்லை. தெய்வ உருவங்கள் அச்சிட்ட சால்வைகளுக்கும் இதையே சொல்வேன். மடிக்கும்போது மடிப்பு சரியாக முகத்தின் குறுக்கே விழுகிறது.

அடுத்து, அச்சு திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கிரீன் அச்சில் பிலிமை மாற்றிப் போட்டுவிட்டால் கண்ணாடியில் தெரிவது போல எழுத்தும் சின்னமும் இடவலமாகப் புரண்டுவிடும். தமிழ் எழுத்தென்றால் உடனே தெரிந்துவிடும். நாகரி எழுத்தைப் படிக்கத் தெரியாதவருக்குத் தெரியாது. நாகரி ஓங்காரத்தில் 3 என்ற எண்ணைப் போன்ற வளைவு இடப்பக்கமும், அதன் நடுவிலிருந்து கிளம்பும் வால் வலப்பக்கமும் இருக்க வேண்டும். சுவஸ்திகத்தில் மேலே நிற்கும் கையின் நுனி வலப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். சங்கு சக்கரம் இருந்தால், பெருமாளின் வலக்கையில் சக்கரமும் இடக்கையில் சங்கும் இருப்பது வழக்கமாதலால், எதிரே நின்று பார்க்கும் நமக்குச் சக்கரம் இடப்பக்கமும் சங்கு வலப்பக்கமும் தெரிய வேண்டும். மெல்லிய துணியில் அச்சு பின்பக்கமும் தெரியுமாகையால், எது நல்ல பக்கம் என்று கரையைப் பார்த்து உறுதி செய்துகொண்டு இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

துணி பருத்தியாகவே இருக்கட்டும். சித்திரை வெயிலில் ஈரோட்டிலோ கரூரிலோ ஒரு மணி நேரம் செயற்கை இழைச் சால்வையைப் போர்த்தி உட்கார்ந்து பார்த்தவருக்கு இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. வியர்வைக்கு அப்பால் வேறொரு காரணமும் உண்டு: விளக்குக்கும் கற்பூரத்துக்கும் அருகில் இருக்கப்போகும் துணி இது. பாலியஸ்டர் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தி என்று சொல்லி விற்பதில் ஐயம் இருந்தால், முனையில் தொங்கும் நூலில் ஓரிழையைப் பிடுங்கி வீட்டில் கொளுத்திப் பாருங்கள். பருத்தி நூல் காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, தொட்டால் பொடியாகும் சாம்பலாகும். பாலியஸ்டர் சுருண்டு உருகிக் கெட்டியான மணியாக நின்றுவிடும். நீளம் ஏறத்தாழ இரண்டு மீட்டர், அகலம் ஒரு மீட்டர் இருந்தால் பெரும்பாலோருக்குப் போதும். குளிர்ந்த நீரில் நனைத்த வெள்ளைக் கைக்குட்டையால் அச்சின் மேல் அழுத்தித் தேய்த்தால் சாயம் ஏறுகிறதா என்பது கடையிலேயே தெரிந்துவிடும். கடைக்காரர் முகம் சுளித்தால் பக்கத்துக் கடைக்குப் போகலாம்.

நிறத்தைப் பொறுத்தவரை, முழுக்காவி துறவிகளுக்குரியது என்று கருதும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. கௌடீய வைணவ மடங்களிலும் காவி பிரம்மசாரிகளுக்கும் துறவிகளுக்கும், வெள்ளை இல்லறத்தாருக்கும் என்ற வேறுபாடு காக்கப்படுகிறது. மஞ்சளோ, சிவப்பு எழுத்து அச்சிட்ட வெள்ளையோ வாங்கினால் யாருக்கும் மறுப்பு இருக்காது.

காசியில் வாங்குவோருக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அங்கே ராமநாமம் அச்சிட்ட துணியை இறந்தவரின் உடல் மீது போர்த்துவதும் வழக்கம். படித்துறைகளை ஒட்டிய கடைகளில் மெல்லிய பளபளப்பான துணியில் சரிகை ஓரம் தைத்து விற்கப்படுபவற்றுள் அதற்கென்றே வைத்திருப்பவையும் இருக்கக்கூடும். ஆகவே பூசைக்கு அணியத்தான் வாங்குகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். ஊருக்குக் கொண்டுவந்து ஆளுக்கொன்றாகக் கொடுத்த பிறகு அது தெரியவந்தால் சங்கடம் பெரிது.

கொங்கு நாட்டுக்குள்ளேயே வாங்க விரும்புவோர் கோவை இராஜ வீதியிலும் கோனியம்மன் கோவிலைச் சுற்றியுள்ள பூசைப் பொருள் கடைகளிலும், பழனி அடிவாரத்திலும் விசாரிக்கலாம். எழுத்தில்லாத நல்ல பருத்தித் துணியை மட்டும் வாங்கி அச்சிட்டுக்கொள்ள எண்ணினால் ஈரோட்டுக் கடைவீதிகளும் கனி மார்க்கெட்டும் சென்னிமலைக் கைத்தறிக் கடைகளும் இருக்கின்றன.

வீட்டில் அணியும் முறை

குளித்து, துவைத்த உடை உடுத்தி, விபூதியோ திருமண்ணோ இட்டு, அது உலர்ந்த பிறகு சால்வையை எடுங்கள். ஈரத் திருநீற்றின் மேல் போர்த்தினால் கழுத்துப் பக்கம் வெண்கறை படிந்து, நாளடைவில் அழுக்கைப் போலவே தெரியும். மடிப்போடு இரு கைகளாலும் எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிரித்துப் போர்த்தினால் போதும். தனி மந்திரம் எதுவும் கட்டாயமில்லை. அமர்ந்து ஜபம் செய்வதாக இருந்தால் நீளத்தின் நடுப்பகுதி பிடரிக்குப் பின்னால் வரும்படி இரு தோள்களையும் மூடிக்கொள்ளுங்கள். பூசை செய்வதாக இருந்தால் இடத்தோளின் மேல் போட்டு, வலக்கைக்குக் கீழாகக் கொண்டுவந்து செருகிக்கொண்டால் வலக்கை தடையின்றி இயங்கும். பெண்கள் சேலை முந்தானையின் மேலேயே இரு தோளிலும் போர்த்திக்கொள்ளலாம்.

உட்காருவதற்குப் பலகையோ தடுக்கோ பவானி ஜமக்காளமோ தனியாக விரித்துக்கொள்ளுங்கள்; சால்வையின் முனை தொடைக்கடியில் சிக்காதபடி மடியில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கற்பூரம் காட்டும்போதும் ஹோமத்தின் முன் குனியும்போதும் தொங்கும் முனைகளே முதலில் தீயிடம் போகும். ஆகவே அந்த நேரத்தில் இரு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்து இடக்கையால் பிடித்துக்கொள்வதைச் சிறுவர்களுக்கும் பழக்கிவிடுங்கள். தரையில் விழுந்து கும்பிடும் முன் சால்வையைக் கழற்றி மணையில் வைத்துவிடுங்கள். பூசை முடிந்து சாப்பிட உட்காரும் முன்பும், கழிப்பறைக்குப் போகும் முன்பும் கழற்ற வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை. ஆனால் வண்டியில் போகும்போது தூசிக்காகக் கழுத்தில் சுற்றிக்கொள்ளக் கூடாது என்பதைச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

கோவிலில் எழும் சிக்கல்

புதியவர்கள் தடுமாறும் இடம் இது. சன்னிதிக்கு முன் வந்ததும் ஆண்கள் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வது தமிழ்நாட்டு மரியாதை. பேரூர்ப் பட்டீசுவரர் முன்னிலையிலும் அப்படித்தான், ஊர்க்கோடிக் கருப்பராயன் முன்னிலையிலும் அப்படித்தான். குலதெய்வக் கோவிலில் குலக்கூட்டத்துப் பெரியவர்கள் நிற்கும் வரிசையில் தோளில் துண்டோடு நிற்பவரை, ‘துண்டை எடுத்து இடுப்புல கட்டுப்பா’ என்று யாராவது சொல்லாமல் விடமாட்டார்கள். இறைநாமம் அச்சிட்ட சால்வையை அணிந்து போனவர் என்ன செய்வது? தோளிலேயே விட்டால் தெய்வத்தின் முன் பணிவில்லாதவர் ஆகிறார். இடுப்பில் கட்டினால் இறைவனின் பெயரை இடுப்புக்குக் கீழே இறக்கியவர் ஆகிறார். வடக்கே இந்த இடுப்புக்கட்டு வழக்கம் இவ்வளவு கண்டிப்பாக இல்லாததால், அங்கே உருவான சால்வைக்கு இதற்கான விடையும் கூடவே வரவில்லை.

இரண்டு மரியாதையும் கெடாத வழி ஒன்று உண்டு. கோவிலுக்குப் போகும்போது எழுத்தில்லாத வெள்ளைத் துண்டு ஒன்றையும் கூடவே எடுத்துக்கொள்ளுங்கள். கொடிமரம் தாண்டும் முன் சால்வையைக் கழற்றி, எழுத்து உள்பக்கமாக இருக்குமாறு நான்காக மடித்துத் துணிப்பையில் வைத்துவிட்டு, வெள்ளைத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சன்னிதியில் நில்லுங்கள். தரிசனம் முடிந்து பிராகாரத்தில் ஓரமாக உட்கார்ந்து பதிகமோ நாமமோ சொல்லும்போது சால்வையை மீண்டும் போர்த்திக்கொள்ளலாம். பை இல்லாவிட்டால் மடித்த சால்வையை இடக்கையில் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொள்வதும் ஏற்கத்தக்கதே. விளக்கம் கேட்பவர்களிடம் வாதாடிக்கொண்டு நிற்பதைவிடக் கழற்றிவிடுவது எளிது. சால்வை தனியான ஜபத்துக்கு உரிய உடை, சன்னிதி பொதுவான இடம்.

வேறு சில துணிகளோடு இதைக் கலந்துவிடுவதும் நடக்கிறது. பரிவட்டம் என்பது கோவில் மரியாதையாகத் தலையில் கட்டப்படுவது. அதைக் கோவிலார் கொடுக்க வேண்டும், நாமே கொண்டுபோன சால்வையைத் தலையில் கட்டிக்கொண்டால் பரிவட்டம் ஆகாது. கொங்குத் திருமணச் சீரில் உருமால் என்னும் தலைப்பாகை கட்டுவதற்கும், மொட்டையடித்த தலையை மூடுவதற்கும் இது உதவாது. மேடைகளில் பொன்னாடைக்குப் பதிலாக ஓம் சால்வை போர்த்தும் வழக்கம் சில ஆன்மிகக் கூட்டங்களில் பரவிவருவதை நான் விரும்பவில்லை. பொன்னாடை போர்த்தப்பட்டவர் அடுத்த நிமிடமே அதைக் கழற்றி நாற்காலியின் முதுகில் போடுவார். அடுத்த விருந்தினர் அதன் மேல் சாய்ந்து உட்காருவார். கூட்டம் முடிந்ததும் இருபது சால்வைகள் ஒரே மூட்டையாக வண்டியின் பின்பக்கம் ஏறும். மரியாதை செய்ய நல்ல கைத்தறித் துண்டு போதும்.

குழுவுக்கு அச்சடிக்கும்போது

பஜனைக் குழு, திருமுறை முற்றோதல் குழு, கும்பாபிஷேகத் தொண்டர்கள் என்று ஐம்பது அல்லது நூறு சால்வை வேண்டுமானால், நெசவும் சாயமும் அச்சும் பக்கத்திலேயே இருக்கும் கொங்கு நாட்டில் அது எளிய வேலை. ஆனால் சால்வையின் குறைகளில் பெரும்பாலானவை அச்சடிக்கும் கட்டத்திலேயே உண்டாகின்றன என்பதால், இந்த வேலையில் அவசரம் கூடாது.

எழுத்து எங்கே விழ வேண்டும் என்பதைத் துணியை ஒருவர் தோளில் போர்த்திப் பார்த்து முடிவு செய்யுங்கள். மேசை மேல் விரித்துப் பார்த்தால் தெரியாது. இரு முனைகளிலும் குறைந்தது இரண்டு சாண் அளவுக்கு வெறுமையாக விட்டுவிட்டால், முழங்காலுக்கு அருகில் தொங்கும் பகுதியிலும், தரையில் படக்கூடிய பகுதியிலும், கை தன்னை மறந்து முகம் துடைக்கப் பிடிக்கும் பகுதியிலும் நாமம் இருக்காது. முழுவதும் எழுத்தாக நிரப்பிய சால்வை பார்க்க நிறைவாக இருக்கும் என்பது உண்மைதான். அணிபவரின் கவலையும் அதே அளவுக்கு நிறைந்திருக்கும். வேல், திரிசூலம் போன்று மேல் கீழ் உள்ள சின்னங்களை ஒரே திசையில் அச்சிட்டால், போர்த்தும்போது ஒரு பக்க முனையில் அவை நேராகவும் மறுபக்க முனையில் தலைகீழாகவும் தொங்கும். ஆகவே துணியின் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் சின்னங்களின் தலை நடுவை நோக்கியிருக்குமாறு வடிவமைப்பாளரிடம் சொல்லுங்கள்.

சொற்களைக் குழுவில் மூத்தவரோ ஓதுவாரோ எழுதிக் கையெழுத்திட்டுத் தரட்டும். ‘நமசிவாய’ என்பதும் ‘நமச்சிவாய’ என்பதும் வழக்கில் உள்ள வடிவங்களே; ஒற்று மிகுந்த வடிவத்துக்குச் சுந்தரர் கொடுமுடியில் பாடிய பதிகமே சான்றாக நிற்கிறது. ஆனால் ஒரே சால்வையில் இரண்டும் கலந்து வரக்கூடாது. மந்திரத்தை உடையில் போட மனம் ஒப்பாத குழுவினருக்கு என் பரிந்துரை, கொங்கு நாட்டின் பாடல் பெற்ற ஏழு சிவத்தலங்களின் பெயர்கள்: அவிநாசி, திருமுருகன்பூண்டி, திருநணா என்னும் பவானி, கொடிமாடச் செங்குன்றூர் என்னும் திருச்செங்கோடு, வெஞ்சமாக்கூடல், பாண்டிக்கொடுமுடி, கருவூர் ஆனிலை. ஏழு வரியில் அடங்கிவிடும்; படிப்பவருக்கு ஊரும் வழியும் நினைவுக்கு வரும்.

வடிவமைப்பு கணினியிலிருந்து அச்சுப் பட்டறைக்குப் போகும் வழியில்தான் தமிழ் எழுத்து சிதைகிறது. பட்டறைக் கணினியில் அதே எழுத்துரு இல்லாவிட்டால் புள்ளி மறையும், ஒற்றைக்கொம்பு எழுத்தை விட்டு விலகி நிற்கும். எழுத்துகளைக் கோரல் டிரா மென்பொருளில் கர்வாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக, மாற்றிய பிறகே கோப்பை அனுப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி ஸ்கிரீன் செய்ய வேண்டியிருப்பதால், ஒரே நிறத்தில் அச்சிடுவது செலவைக் குறைக்கும். மஞ்சள் துணியில் செங்காவி எழுத்து ஒன்றே போதுமான அளவு துலங்கும். பெரும்பாலான பட்டறைகள் பிக்மெண்ட் அச்சையே முதலில் சொல்வார்கள். அதில் நிறம் பசையோடு சேர்ந்து துணியின் மேற்பரப்பில் படிகிறது. அச்சிட்ட பின் 150 டிகிரி செல்சியஸ் அளவிலான சூட்டில் பதப்படுத்தினால்தான் நிலைக்கும். ரியாக்டிவ் சாயமோ பருத்தி இழையோடு வேதியியல் முறையில் பிணைந்துவிடும். நீராவியில் வைத்து, மிஞ்சிய சாயம் போக அலசி எடுக்கும் வேலை கூடுவதால் செலவு அதிகம், ஆனால் துணி மென்மையாக இருக்கும். பிக்மெண்ட் போதும் என்று முடிவு செய்தால், ஒரே ஒரு சாம்பிளை வாங்கி வீட்டில் சோப்புப் போட்டு மூன்று நான்கு முறை துவைத்து, எழுத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்த பிறகே மீதிக்குச் சம்மதம் சொல்லுங்கள். காடாத் துணியை வாங்கிக் கொடுப்பதானால், அது சலவை செய்து சுருங்கிய பிறகு கிடைக்கும் நீள அகலத்தைக் கணக்கிட்டுக் கூடுதலாக வாங்க வேண்டும்.

உபயதாரர் பெயரைச் சால்வையில் போடலாமா என்ற கேள்வி எல்லாக் குழுவிலும் எழும். போட வேண்டாம். ட்யூப் லைட்டில் வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்குப் பெயர் எழுதும் நம் பழக்கம் நாடறிந்தது. ஓங்காரத்துக்குப் பக்கத்தில் அரிசி ஆலைப் பெயரும் கைபேசி எண்ணும் வந்துவிட்டால், அந்தத் துணியை எந்த முறைப்படி மதிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பையின் மேல் போட்டுக்கொள்ளுங்கள்.

பழனிக்குப் பாதயாத்திரை போகும் குழுக்கள் நாமச் சால்வையை அடிப்பதற்கு முன் ஒருமுறை யோசிக்க வேண்டும். கோவையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் நடந்து போகிறவர்களுக்குத் தோள்துணி என்பது பகலில் வெயிலுக்கு முக்காடு, மாலையில் வியர்வைத் துண்டு, இரவில் சாலையோரப் பந்தலில் விரிப்பு. அத்தகைய துணிக்கு ஒரு மூலையில் சிறிய வேல் போதும். அதுவும் வேண்டாம், பச்சையோ காவியோ வெறும் துண்டே சிறந்தது என்பேன். நாமச் சால்வையைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அடிவாரத்தில் குளித்த பிறகு போர்த்திக்கொண்டு மலையேறலாம்.

துவைப்பதும் வைப்பதும்

முதல் துவையலைத் தனி வாளியில், குளிர்ந்த நீரில், மென்மையான சோப்புத்தூள் சிறிதளவு போட்டு முடியுங்கள். சாயம் நிற்க வேண்டும் என்று கல்லுப்புத் தண்ணீரில் ஊறவைப்பது நம் வீடுகளில் பழைய பழக்கம். துணிக்குச் சாயம் ஏற்றும்போது உப்பு உதவுமே தவிர, ஏற்கெனவே அச்சிட்ட சாயத்தை அது பிடித்துவைக்காது. பிக்மெண்ட் அச்சுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. கல்லில் அடிப்பது, பிரஷ் போட்டுத் தேய்ப்பது இரண்டும் எழுத்தை உரித்துவிடும். உள்ளாடைகளோடு வாஷிங் மெஷினில் போடுவது எழுத்துக்கும் ஆகாது, வீட்டுப் பாட்டிக்கும் ஆகாது. கையால் கசக்கி அலசினால் போதும்.

கொங்கு நாட்டின் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு நீராகவே இருக்கிறது. கடினநீரில் சோப்பு நுரைக்காமல் வெண்படலமாகத் துணியில் ஒட்டி, சில மாதங்களில் மஞ்சள் நிறத்தையே சாம்பல் பூத்தது போல ஆக்கிவிடும். சிறுவாணி நீரோ ஆற்று நீரோ வரும் நாளில் துவைப்பதும், அது முடியாதபோது கடைசி அலசலுக்காவது ஒரு குடம் நல்ல தண்ணீர் வைத்துக்கொள்வதும் துணியைக் காப்பாற்றும். எழுத்து உள்பக்கமாக இருக்கும்படி திருப்பி நிழலில், ஆட்கள் குனிந்து கடக்காத உயரமான கொடியில் உலர்த்துங்கள். இஸ்திரி போடும்போதும் பின்பக்கமே போட வேண்டும். பிக்மெண்ட் எழுத்தின் மேல் சூடான பெட்டி நேராகப் பட்டால் ஒட்டிக்கொள்ளும்.

பூசை அலமாரியில் வைக்கும்போது பாச்சை உருண்டைக்குப் பதிலாக உலர்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து வைக்கலாம். மாதம் ஒருமுறை மடிப்பை மாற்றி மடித்தால் ஒரே இடத்தில் இழை நைந்து போகாது.

கிழிந்த பிறகு

இதைப் பெரும்பாலோர் கடைசி நேரத்தில்தான் யோசிக்கிறார்கள். தரைதுடைக்கும் துணியாகவோ வண்டி துடைக்கும் துணியாகவோ ஆக்க மனம் வராமல், ஆற்றில் விட்டுவிடலாம் என்று முடிவு செய்கிறார்கள். பவானிக் கூடுதுறையில் முழுக்குப் போட்ட பின் துணியை நீரில் விட்டுவருவது புண்ணியம் என்று எண்ணுவோரும் உண்டு. காவிரிக்கு அது குப்பைதான். துணிச்சாயம் ஓர் ஆற்றை என்ன செய்யும் என்பதை நாம் வேறெங்கும் போய்ப் படிக்க வேண்டியதில்லை. நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் நம் கண்முன்னே கெட்டன, 2011ஆம் ஆண்டில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர்நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது. ஒரு சால்வையின் சாயம் அந்த அளவுக்கு ஆகாது என்றாலும், படித்துறையில் சிக்கிக் கிடக்கும் துணிமூட்டைகளை அப்புறப்படுத்துபவர் அதைக் காலால்தான் மிதித்து இழுக்க வேண்டியிருக்கிறது.

பருத்திச் சால்வையானால் முதலில் எழுத்தில்லாத ஓரங்களை வெட்டி எடுத்து விளக்குத் திரியாகத் திரித்துக்கொள்ளலாம். பழைய வேட்டியில் திரி கிழிப்பது நம் வீடுகளில் எப்போதும் உள்ளதுதான். அச்சுப் படிந்த பகுதியில் திரி வேண்டாம், புகையும். நாமம் உள்ள பகுதி இன்னும் உறுதியாக இருந்தால் திருமுறைப் புத்தகத்தையோ பூசை மணியையோ பொதிந்துவைக்கும் உறையாகத் தைத்துக்கொள்ளலாம். அதற்கும் ஆகாத அளவுக்கு நைந்துவிட்டால், சிறு துண்டுகளாக வெட்டி, தோட்டத்தில் ஆள் மிதிக்காத ஓர் இடத்தில், வில்வமோ வேம்போ நிற்கும் மூலையில் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். பருத்தி மண்ணோடு மக்கிவிடும். தோட்டம் இல்லாத அடுக்குமாடி வீட்டார், நந்தவனம் உள்ள கோவிலில் முன்கூட்டியே கேட்டு ஒப்புதல் பெற்றுக் கொடுக்கலாம். கேட்காமல் கோவில் மரத்தடியில் வைத்துவிட்டு வருவது அங்கே கூட்டிப் பெருக்குபவரின் தலையில் நம் வேலையைச் சுமத்துவதாகும். பாலியஸ்டர் கலந்த சால்வை புதைத்தாலும் மக்காது, எரித்தால் நச்சுப்புகை வரும். அதை நன்றாகத் துவைத்து, வேறொரு துணிக்குள் வைத்துத் தைத்து, பூசைப் பொருள் வைக்கும் தட்டுக்கு அடிமெத்தையாகப் பயன்படுத்துவது ஒன்றே எனக்குத் தெரிந்த வழி.